முதலில் மூடியவர்

எங்கள் சலோ ஊரில் இப்போதெல்லாம் பனி விடுமுறை கைபேசியில் வந்துவிடுகிறது. முந்தின நாள் சாயங்காலமே 'டிங்' என்று ஒரு சத்தம், நாளைக்குப் பள்ளி இல்லை, வீட்டிலிருந்தே கணினியில் பாடம் என்று ஒரு வரி. வசதிதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் வெளியே பனி கொட்டும்போது பிள்ளைகள் கணினி முன்னால் உட்கார்ந்து பின்னக் கணக்குப் போடுவதை விடுமுறை என்று சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது. இன்னொரு குறையும் உண்டு. முடிவு தப்பாகப் போனால் திட்டுவதற்கு ஓர் ஆள் இல்லை. பள்ளிக் கண்காணிப்பாளர் வைனோ கெந்தாலாவின் காலத்தில் ஆள் இருந்தார். மளிகைக் கடையில் வைத்து, தேவாலய வாசலில் வைத்து, சவுனா என்கிற நீராவிக் குளியலறையில் இடுப்புத் துண்டோடு வியர்த்துக்கொண்டிருக்கும்போதுகூட ஊர் அவரைத் திட்டியது. அவரும் குறை வைக்காமல் கேட்டுக்கொண்டார்.

வைனோ செப்புச் சுரங்கத் தொழிலாளியின் மகன். மகன் சுரங்கத்தில் இறங்கக் கூடாது என்று அப்பா பிடிவாதமாக இருந்ததால் படித்துத் தச்சு வாத்தியாராக வந்தார். பையன்களுக்கு நாற்காலி செய்யவும், சாயங்காலம் பனிக்கட்டியில் ஹாக்கி ஆடவும் கற்றுக்கொடுத்தார். பழைய கண்காணிப்பாளர் மூட்டுவலி தாங்காமல் வெயில் காயும் தென்மாநிலம் ஒன்றுக்கு ஓடிப்போனபோது அந்த வேலைக்கு யாரும் வரவில்லை. பள்ளிக் குழுவினர் கூடிப் பேசினார்கள். வைனோ உயரமாக இருக்கிறார், அதிகம் பேசமாட்டார், ஊரைவிட்டுப் போகமாட்டார். இந்த மூன்று தகுதிகள் போதும் என்று அவரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அந்த வேலையில் அவருக்குப் பிடிக்காத பகுதி ஒன்றே ஒன்றுதான். குளிர்கால விடியற்காலைகளில் பள்ளி உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

சுப்பீரியர் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் எங்கள் நிலத்தில் பனி விழுவது ஒரு காரணமே இல்லை. நவம்பரில் ஆரம்பித்தால் ஏப்ரல் வரை விழும். கீழ்ச்சன்னல் மறைந்தால் என்ன, மாடிச்சன்னல் இருக்கிறதே என்று இருக்கிற சனங்கள் நாங்கள். பயப்பட வேண்டியது காற்றுக்கு. ஏரிக்காற்று கிளம்பினால் விழுந்து கிடக்கும் பனியையெல்லாம் வாரி எடுத்து முகத்தில் அடிக்கும். மேலே, கீழே, முன்னால், பின்னால் எல்லாம் ஒரே வெள்ளை. நீட்டிய கை தெரியாது. வெள்ளை இருட்டு என்போம். அதற்குள் மாட்டிக்கொண்ட வண்டிக்குச் சாலை எது, ஏரி எது என்று தெரியாது.

நாலு மணி வாக்கில் வைனோ எழுந்துவிடுவார். மனைவி சில்வி காப்பி போட்டுத் தருவாள். குடித்துவிட்டுத் தன் பழைய பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர்த்தொட்டி மேட்டுக்குப் போவார். பேருந்துகள் போகிற வழியிலேயே மோசமான ஏற்றம் அதுதான். வண்டி வழுக்காமல் ஏறினால் பேருந்தும் ஏறும். உச்சியில் இறங்கி, தொப்பியைக் கழற்றி, காற்று எந்தக் காதில் அடிக்கிறது என்று பார்ப்பார். பிறகு வீட்டுக்கு வந்து சாலைத்துறைக் கொட்டகைக்குப் போன் செய்து பனி தள்ளும் வண்டிகள் எதுவரை போயிருக்கின்றன என்று கேட்பார்.

அவ்வளவு சீக்கிரத்தில் பள்ளியை மூடிவிடமாட்டார். மூடினால் சில பிள்ளைகளுக்கு அன்றைக்குச் சூடான சாப்பாடு இல்லை என்பது அவருக்குத் தெரியும். சுரங்கம் மூடியபின் அப்பாக்கள் பலர் தெற்கே கார் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் தட்டை வழித்து நக்குகிற பிள்ளைகள் யார் யார் என்று அவர் பார்த்து வைத்திருந்தார். மேட்டு உச்சியில் நிற்கும்போது காற்றோடு சேர்த்து அந்த முகங்களும் அவருக்கு நினைவுக்கு வரும்.

அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், டோரதி டிரெஸைஸ் இருந்தாள்.

தூக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பென்ரோஸ். அந்த ஊர்ப் பள்ளிகளுக்கு டோரதி கண்காணிப்பாளர். நாங்கள் ஃபின்லாந்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், அவர்கள் கார்ன்வாலிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். சுரங்கத்துக்குள் யார் தாத்தா முதலில் இறங்கினார் என்பதில் தொடங்கி ஹாக்கிவரை இரண்டு ஊருக்கும் ஆகாது. பேஸ்டி என்கிற இறைச்சி அடைத்த ரொட்டி விஷயத்தில் சண்டை இன்னும் கடுமை. அது அவர்கள் கொண்டுவந்த பண்டம். நாங்கள் அதில் கேரட் போடுவோம். பென்ரோஸ்காரர்களிடம் கேட்டால், கேரட் போட்டவனைச் சிறையில் போட வேண்டும் என்பார்கள்.

விடியற்காலை ஐந்து மணி சுமாருக்கு வைனோ வீட்டுச் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த மஞ்சள் போன் அடிக்கும். அல்லது இவர் அடிப்பார். பக்கத்து ஊர் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் எந்தக் கண்காணிப்பாளரும் முடிவெடுக்கமாட்டார். ஒருவர் மூடி மற்றவர் மூடாவிட்டால், மூடியவர் கோழை, மூடாதவர் கொலைகாரர் என்று இரண்டு ஊரிலும் பேச்சு கிளம்பும்.

"என்ன வைனோ, உன் ஓட்டை வண்டி மேடு ஏறிச்சா?"

"ஜம்முன்னு ஏறிச்சு. உன் பக்கம் என்ன சத்தத்தையே காணோம்? போர்வைக்குள்ள இருந்து பேசுறியா?"

"நான் எழுந்து, வாசப்பனியெல்லாம் தள்ளி, ரெண்டாவது காப்பியில இருக்கேன். நீ மூடப்போறேன்னு காத்துவாக்குல கேள்விப்பட்டேன். அதான் துக்கம் விசாரிச்சுட்டுப் போகலாம்னு."

"இதுக்கு எங்க ஊர்ல பேரு தூறல், டோரதி."

"அப்படியா? அப்ப பிள்ளைங்க கையில ஆளுக்கொரு குடையைக் குடுத்து அனுப்பு."

சில்வி அடுப்புப் பக்கத்திலிருந்து, "ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் நடத்துறீங்களா, சீட்டாடுறீங்களா?" என்பாள்.

எப்படி ஆரம்பித்தது என்று இருவருக்குமே ஞாபகமில்லை, ஒரு பந்தயம் அமைந்துவிட்டது. முதலில் மூடியவர் தோற்றவர். தோற்றவர் ஒரு டஜன் பேஸ்டி செய்து மற்றவர் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதிலும், ஜெயித்த ஊரின் பக்குவத்தில் செய்ய வேண்டும். டோரதி தோற்றால் தன் கையாலேயே கேரட் நறுக்க வேண்டும் என்பதை நினைத்து நினைத்து வைனோ சந்தோஷப்படுவார்.

நிஜமாகவே முடியாத நாட்களும் வரும். அப்போது இருவரும் போனில் சேர்ந்து எண்ணுவார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, "மூடு!" இரண்டு குரலும் ஒரே நேரத்தில் வர வேண்டும். வந்தால் யாரும் தோற்கவில்லை. "நீ அரை நொடி முந்திட்டே" என்று அதற்கும் ஒரு சண்டை நடக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு பேஸ்டிகூடப் பாலம் தாண்டவில்லை.

வேடிக்கை என்னவென்றால், நேரில் பார்த்தால் இருவருக்கும் பேச்சு வராது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு கூட்டங்களில் சந்திப்பார்கள். "சௌக்கியமா?" "சௌக்கியம்." அவ்வளவுதான். டோரதியின் புருஷன் கிளைவ் சாலைத்துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர், நல்ல சிரித்த முகம். அவர்தான் நடுவில் நின்று எதையாவது பேசுவார். வைனோ தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருப்பார், டோரதி தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். விடியற்காலை இருட்டும், நடுவில் ஒரு கம்பியும் இருந்தால்தான் அவர்களுக்கு வாய் திறக்கும். வைனோ வேறு யாரோடும் அந்த அளவுக்குச் சிரித்துப் பேசி சில்வி பார்த்ததில்லை.

முடிவானதும் வானொலி நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு ரகசியச் சொல் உண்டு. ஒரு வருஷம் பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் வைனோவின் இழுத்து இழுத்துப் பேசும் குரலை அப்படியே பிடித்து, வானொலிக்குப் போன் செய்து பள்ளியை மூடிவிட்டான். அதற்குப் பிறகுதான் ரகசியச் சொல் வந்தது. வைனோ வருஷத்துக்கு ஒரு மீன் பெயர் வைத்துக்கொள்வார். அந்தப் பையனுக்குத் தண்டனை கொடுத்தார், ஆண்டுவிழா நாடகத்தில் முக்கிய வேடமும் கொடுத்தார்.

வீடுகளில் பிள்ளைகள் வானொலிக்குப் பக்கத்தில் காத்திருப்பார்கள். முந்தின இரவு பைஜாமாவைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தலையணைக்கு அடியில் கரண்டி வைத்துப் படுத்திருப்பார்கள். அப்படிச் செய்தால் விடுமுறை வரும் என்பது எங்கள் ஊர்ச் சாஸ்திரம். அறிவிப்பாளர் ஆங்கில அகர வரிசையில் வாசித்துக்கொண்டு வருவார். பென்ரோஸ் வந்த பிறகுதான் சலோ வரும். பென்ரோஸ் பெயர் வந்துவிட்டால் வீடே 'ஓ'வென்று கத்தும். அந்த ஒரு கணத்துக்காகக் குளிர்காலம் முழுவதையும் பொறுத்துக்கொள்ளலாம். இன்றைக்கு நினைத்தாலும் மயிர்க்கூச்செறிகிறது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு பிப்ரவரி. அன்று சாயங்காலம் சலோ அரங்கில் ஹாக்கி இறுதி ஆட்டம், சலோவும் பென்ரோஸும். ஒரு விதி இருந்தது. பகலில் பள்ளி மூடினால் மாலையில் ஆட்டம் கிடையாது. ஆட்டம் தள்ளிப்போனால் அடுத்த வாரம் பென்ரோஸ் அரங்கில்தான் நடக்கும், ஏனென்றால் சலோ அரங்கை வேறொரு விழாவுக்கு விட்டிருந்தார்கள். பென்ரோஸ் அரங்கில் சலோ ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

அன்று விடியற்காலை வைனோ மேடேறிப் பார்த்தார். வண்டி நன்றாகவே ஏறியது. காற்று மெல்லமாக அடித்தது. மேகத்துக்கு நடுவே நாலைந்து நட்சத்திரம்கூடத் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். ஏரி ஒரு ஊரை அறைந்துகொண்டிருக்கும், பக்கத்து ஊரைத் தூங்க விட்டிருக்கும்.

போன் அடித்தது.

"வைனோ, நான் மூடிட்டேன்" என்றாள் டோரதி. "நீயும் மூடிரு."

வைனோவுக்குக் காதை நம்ப முடியவில்லை. "என்னது?"

"மூடிட்டேன். ரேடியோவுக்கும் சொல்லியாச்சு. காத்து சரியில்ல. உன் பக்கமும் வரும். பஸ்ஸை வெளிய விடாத."

அவள் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. அதை அவர் கவனித்தார். கவனித்தும், வேறு மாதிரி அர்த்தம் செய்துகொண்டார்.

"ஓஹோ" என்றார். "சாயங்காலம் எங்க அரங்கத்துல வந்து தோக்குறதுக்குப் பயமா இருக்கு. பந்தயத்துல தோத்தாலும் பரவாயில்ல, ஆட்டத்தை உன் ஊருக்கு இழுத்துட்டுப் போயிடலாம்னு பாக்குற. அப்படித்தானே?"

வைனோ ரிசீவரை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டார்.

"டோரதி? பேஸ்டிக்குக் கேரட் இருக்கா, இல்ல நானே வாங்கி அனுப்பட்டுமா?"

"உன் பிள்ளைங்க, உன் இஷ்டம்" என்றாள் டோரதி. "எனக்குப் போன் லைன் வேணும். வைக்கிறேன்."

வைனோ சிரித்துக்கொண்டே திரும்பினார். "சில்வி, டோரதி முதல்ல மூடிட்டா!" என்று கத்தினார். அலுவலகத்துக்குப் போகிற வழியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். பேருந்து ஓட்டுநர் உர்ஹோ அவரிடம் ஹாக்கி கற்றவன். "அப்ப நமக்கு பேஸ்டியா சார்?" என்று கேட்டு, அவர் தோளில் தட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைச் சாலைப் பக்கம் போனான்.

பேருந்துகள் ஊர் எல்லையைத் தாண்டியதும் காற்று வந்தது. எச்சரிக்கை எதுவும் இல்லை. வைனோ அலுவலகச் சன்னல் வழியே கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்பம் இல்லை. பிறகு எதிர்ச்சுவர் இல்லை.

ஐந்து பேருந்துகள் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தன. உர்ஹோவின் பேருந்து வரவில்லை. அதில் முழுக்கச் சின்னப் பிள்ளைகள். அந்தக் காலத்தில் பேருந்தில் பேசும் கருவி கிடையாது.

போன் அடிக்க ஆரம்பித்தது. "சார், என் பொண்ணு வந்துட்டாளா?" "இன்னும் இல்லம்மா." "சார், தம்பிகள் ரெண்டு பேரு, நீலத் தொப்பி." "இன்னும் இல்ல." அவர் யாருக்கும் பொய் சொல்லவில்லை. ஒரு தாய் மட்டும், "பென்ரோஸ்ல மூடிட்டாங்களே சார், நீங்க ஏன் மூடல?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஹாக்கி என்று எப்படிச் சொல்வது?

தன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சாலைத்துறை ஆட்கள் வாசலிலேயே மறித்துச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். "நீங்களும் தொலைஞ்சா யாரைத் தேடுறது சார்? உள்ள போங்க." ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த மனிதர், பள்ளி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து, சின்ன வயதுக்குப் பிறகு மறந்துபோயிருந்த ஜெபத்தை ஃபின்னிஷ் மொழியில் முணுமுணுத்தார். பாதிக்கு மேல் வார்த்தைகள் ஞாபகம் வரவில்லை. தெரிந்த பாதியையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மத்தியானத்துக்கு மேல் காற்று ஓய்ந்தது, சேதியும் வந்தது. எல்லாரும் பத்திரம். ஏரிக்கரைச் சாலையில் எதிரே ஒன்றும் தெரியாமல் ஊர்ந்த பேருந்து, ஹில்டா லம்பினனின் தபால்பெட்டிக் கம்பத்தில் மோதி நின்றிருக்கிறது. உர்ஹோ இறங்கிக் கையால் தடவிப் பெட்டியில் இருந்த பெயரைப் பார்த்து, இடத்தைப் புரிந்துகொண்டிருக்கிறான். பிள்ளைகளின் கழுத்துக் கம்பளிகளை ஒன்றோடொன்று முடிந்து, எல்லாரையும் அதில் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வேலியோரமாகவே நடத்திச் சாலைக்குப் பக்கத்தில் இருந்த சவுனாவுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். ஹில்டா அடுப்பை மூட்டி, ஏலக்காய் போட்ட நிசு ரொட்டியை வெட்டி வெட்டிக் கொடுத்திருக்கிறாள்.

பனி தள்ளும் வண்டி முன்னே வர, பேருந்து பள்ளி வாசலில் வந்து நின்றது. பிள்ளைகள் சிவந்த கன்னத்தோடு குதித்து இறங்கினார்கள். சவுனாவின் மேல்பெஞ்சில் யார் உட்கார்ந்தது என்று இன்னும் சண்டை ஓயவில்லை. "சார், நாளைக்கும் போகலாமா?" என்று ஒரு பெண் அவர் கோட்டைப் பிடித்து இழுத்துக் கேட்டது. இன்றைக்கும் அந்தப் பிள்ளைகள், இப்போது அவர்கள் பிள்ளைகளே பெரியவர்கள், எங்காவது சந்தித்துக்கொண்டால் முதலில் பேசுவது அந்தச் சவுனா நாளைத்தான். அவர்கள் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு நாள் வந்ததில்லையாம். வைனோ கடைசிப் பிள்ளை இறங்கும்வரை நின்றார். பிறகு கொதிகலன் அறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார்.

காப்பி குடித்துக்கொண்டிருந்த சாலைத்துறை ஆள்தான் சொன்னான். "இன்னிக்கு ரெண்டு தடவை சாமி கண்ணைத் தொறந்துச்சு சார். பென்ரோஸ் பக்கம் எங்க ஆளு ஒருத்தரும் கெடைச்சுட்டாரு."

"யாரு?"

"கிளைவ் டிரெஸைஸ். டோரதி அம்மா வீட்டுக்காரர். விடியறதுக்கு முன்னாடியே வண்டி பள்ளத்துல எறங்கிடுச்சு, வண்டியில பேசுற ரேடியோவும் செத்துப்போச்சு. நாலரையிலேருந்து ஆளு இருக்காரா இல்லையான்னே தெரியல. உயிருக்கு ஒண்ணுமில்லையாம். காலு விரலுதான் சந்தேகம்."

வைனோ கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். டோரதி போன் செய்தது ஐந்து மணிக்கு. புருஷன் எங்கே என்று தெரியாமல், தகவலுக்காகப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள். அந்த நேரத்தில் அந்த லைனை எடுத்து அவள் பேசியது அவருடைய பள்ளிப் பிள்ளைகளுக்காக. அவளிடம் அவர் கேட்டது கேரட் இருக்கிறதா என்று.

ஆஸ்பத்திரிக்குப் போனார். டோரதி தாழ்வாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், கண்கள் வீங்கியிருந்தன. வைனோ எதிரே நின்று தொப்பியைச் சுற்றினார். சொல்ல வேண்டியதைப் பாலம் தாண்டும்போது இரண்டு முறை ஒத்திகை பார்த்திருந்தார். வாயிலிருந்து வந்தது இதுதான்: "காத்து நின்னுடுச்சு."

"ஆமா" என்றாள் டோரதி. "நின்னுடுச்சு."

தொப்பியை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார். வண்டியில் உட்கார்ந்து தன் தொடையிலேயே ஓங்கி ஓங்கிக் குத்திக்கொண்டார். எங்கள் ஆண்களை என்னவென்று சொல்வது? பனியில் வீடு கட்டச் சொன்னால் கட்டுவார்கள், பாறையைக் குடையச் சொன்னால் குடைவார்கள். ஒரு மன்னிப்பைக் கேட்கச் சொன்னால் செத்தே போவார்கள்.

அடுத்த வாரம் அவர் மேசைமேல் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. பென்ரோஸிலிருந்து வந்த தபால் வேனில் யாரோ கொடுத்தனுப்பியிருந்தார்கள். திறந்தால் ஒரு டஜன் பேஸ்டி. ஒன்றைப் பிட்டுப் பார்த்தார். உள்ளே கேரட், ஒழுங்காக, பொடிப்பொடியாக நறுக்கியது. கூட ஒரு வார்த்தைகூட எழுதி வைக்கவில்லை. புருஷனுக்கு இரண்டு விரல் எடுத்துப் படுக்கவைத்திருக்கிற வாரத்தில் அவள் பந்தயக் கடனைத் தீர்க்கச் செய்து அனுப்பியிருந்தாள். வைனோ பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவரும் சில்வியும் அதை மேசைமேல் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தார்கள். சாப்பிட முடியவில்லை, வீசவும் முடியவில்லை. கடைசியில் உர்ஹோ வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள் சில்வி.

ஆட்டம் பென்ரோஸில் நடந்தது. சலோ தோற்றது. வைனோ போகவில்லை.

அதோடு போன் நின்றுவிட்டது. மார்ச்சில் பெரிய பனி வந்தது, டோரதி அழைக்கவில்லை. ஐந்து மணிக்கு வைனோ மஞ்சள் போனுக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எடுத்து எண்ணைச் சுழற்ற நாலு தடவை கை போனது. என்ன சொல்லி ஆரம்பிப்பது? கேலி பேச யோக்கியதை இல்லை, வேறு விதமாகப் பேசத் தெரியாது. வானொலியைப் போட்டு, பென்ரோஸ் என்ன செய்தது என்று பிள்ளைகளோடு பிள்ளையாகக் காதால் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"கூப்பிடேன்" என்றாள் சில்வி. "அவ கடிச்சா தின்னுடுவா?"

"அவ கூப்பிடட்டும்."

"அவ எதுக்குக் கூப்பிடணும்? தப்புப் பண்ணினது அவளா, நீயா?"

குளிர்காலம் போய், கோடை போய், மறுபடி நவம்பர் வந்தது.

டிசம்பரில் ஒரு நாள், சலோ மக்கள் இன்னும் பேசிச் சிரிக்கிற விடுமுறை வந்தது. வானொலியில் அறிவிப்பாளர் வழக்கம்போல வாசித்தார். பென்ரோஸ் பெயர் வரவில்லை. வேறு எந்த ஊர்ப் பெயரும் வரவில்லை. "பனியின் காரணமாகச் சலோ பள்ளி இன்று மூடப்படுகிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு, நம்ப முடியாமல் இன்னொரு தடவை வாசித்தார். விடிந்ததும் சனங்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருந்தது. காற்று சிறு கிளையைக்கூட அசைக்கவில்லை. சாலை கறுப்பாக, காய்ந்து கிடந்தது.

பள்ளி அலுவலகத்துக்கு வந்த போன்களைச் சொல்லி மாளாது. "என்னய்யா, வெயில்ல பிள்ளைங்க உருகிடுவாங்கன்னு மூடிட்டியா?" "வைனோ, எங்க வீட்டு மாடு வெளிய நிக்குது, அதையும் உள்ள கட்டிடவா?" வேலைக்குப் போகிற தாய்மார்கள் நிஜமாகவே கொதித்தார்கள். வைனோ எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னார். "காத்து வரும்னு நெனச்சேன். வரல." சமையல்காரர்களை வரச்சொல்லிச் சாப்பாட்டுக்கூடத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார். பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்? நாளெல்லாம் பனிச்சறுக்குப் பலகையும் ஹாக்கி மட்டையுமாக மேட்டில் கிடந்தார்கள், மத்தியானம் மணி அடித்ததும் ஈரக் கையுறையோடு ஓடிப்போய் வயிறு முட்டச் சாப்பிட்டார்கள், மறுபடி ஓடினார்கள். அப்படி ஒரு நீலம், அப்படி ஒரு வெளிச்சம், பாடம் இல்லை. இப்போது நினைத்தால் அந்த நாள் எங்களுக்கு வாய்த்ததே பெரிய அதிர்ஷ்டம் என்று தோன்றுகிறது.

பள்ளிக் குழு அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. வயசாகிவிட்டது, பயந்த மனசு, சவுனா நாளிலிருந்து இப்படித்தான் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அவர் ஒன்றும் மறுக்கவில்லை.

ஏன் மூடினார் என்பது ஊருக்குத் தெரியாது. அவர் காலமான பிறகு சில்வி சொன்னதுதான் இது.

அன்று விடியற்காலை அவர் மேட்டுக்கே போகவில்லையாம். காப்பியைக் குடித்தார், வானொலிக்கு மீன் பெயரைச் சொல்லிப் பள்ளியை மூடினார். பிறகு மஞ்சள் போனை எடுத்து டோரதியின் எண்ணைச் சுழற்றினார். வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததால் மறுமுனைக் குரலும் சில்விக்குக் கேட்டது.

"யாரு?" என்றாள் டோரதி.

"வைனோ. நான் மூடிட்டேன்."

"என்னத்தை மூடிட்டே?"

"பள்ளிக்கூடத்தை."

நாற்காலி நகரும் சத்தமும், திரைச்சீலை வளையங்கள் இழுபடும் சத்தமும் கேட்டன.

"வைனோ, இங்க நட்சத்திரம் தெரியுது."

"இங்கயும் தெரியுது."

"காத்தும் இல்ல."

"இல்ல."

"ரேடியோவுக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லியாச்சு."

"ஊரு உன் தோலை உரிச்சிடுமே."

"உரிக்கட்டும். இந்தத் தடவை முதல்ல மூடினது நான்."

அதற்குப் பிறகு மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது, அது அழுகையா சிரிப்பா என்று சில்விக்குத் தெரியவில்லை. வைனோ ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அட, கோழைப் பயலே!" என்று கத்தினாள் டோரதி. குரல் உடைந்திருந்தது. "வானத்துல ஒரு பொட்டுப் பனி இல்லாததுக்கே மூடிட்டியே, நிஜமா விழுந்தா என்ன பண்ணுவே? கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குவியா? கிளைவ்! கிளைவ், எந்திரிச்சு வாங்க, இந்தக் கூத்தைக் கேளுங்க! சலோக்காரன் வெயிலைப் பாத்துப் பயந்துட்டானாம்!"

வைனோவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"ஆமா டோரதி" என்றார். "அன்னிக்கே பயந்திருக்கணும்."